சின்னவளின் டப்பா

மூட்டுவலி மருந்துச் சோதனையை நடத்திய டாக்டருக்கு ஒரு கணக்கு மட்டும் இடித்தது. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது சோதனை முடியும்வரை அவருக்கே தெரியாது. இப்போது பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், மருந்து வாங்கிய ஒருவரின் ரத்தத்தில் மருந்து இல்லை. மாவு வாங்கிய ஒருவரின் ரத்தத்தில் இருந்தது. இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள்.

மூத்தவளைத் தனியாக அழைத்தார்.

"உங்க மாத்திரையைத்தானே சாப்பிட்டீங்க?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சின்னவ ரெண்டே வாரத்துல மாடிப்படியில குதிச்சுக் குதிச்சு ஏறினா டாக்டர். மாமியார் வேற அவளையே மெச்சினாங்க. எனக்கு வயிறு எரியாதா? நல்ல மருந்து அவளுக்குத்தான் கிடைச்சிருக்குன்னு, அவ குளிக்கப் போனப்ப ரெண்டு டப்பா மாத்திரையையும் மாத்திக் கொட்டிட்டேன்."

"அப்புறம்?"

"அவ இன்னும் குதிக்கிறா. எனக்குக் குறைஞ்சிருந்த வலியும் திரும்பிடுச்சு."

"நிஜ மருந்து உங்க டப்பாவுலதாம்மா இருந்துச்சு. அவங்க முதல்ல குதிச்சது வெறும் நம்பிக்கையில."

"ஐயோ! நானே என் கையால அவளுக்குக் கொடுத்தேனா?"

அடுத்த சோதனைக்கு டாக்டர் ஒரு விதி சேர்த்தார்: ஒரே வீட்டில் எத்தனை பேர் சேர்ந்தாலும், அத்தனை பேருக்கும் ஒரே மாத்திரை.