கரடிக்குக் கொசுறு

கோத்தகிரியில் மளிகைக்கடை வைத்திருந்த முத்துமாலை, கொல்லையில் உரக்குழியைக் கிளற வந்த கரடியை விரட்டப் பட்டாசு வெடிக்கவில்லை. தினமும் வேலியோரம் பலாச்சுளை வைத்தார். கரடி அதைத் தின்றுவிட்டு, குழியைத் தொடாமல் போனது. "பாத்தியா, பேரம் படிஞ்சிருச்சு" என்றார் மனைவியிடம். "கொசுறு குடுத்துப் பழக்கிட்டீங்க. ஒருநாள் இல்லேன்னா கடைக்குள்ளயே ஏறிடும்" என்றாள் சந்தனமாரி. பலா தீர்ந்துபோன வெள்ளிக்கிழமை காலை, கரடி வெறும் வேலியை மோந்து பார்த்தது. குழியின் பக்கம் திரும்பவில்லை. கொல்லைக்குள் இறங்கி நடந்தது. வெந்நீர் வாளியோடு கிளம்பிய முத்துமாலை பின்கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாக வெல்லத்தை எறிந்தார், பேரீச்சம்பழத்தை எறிந்தார். கரடி அவற்றைத் தாண்டிப் போனது. அதைவிட நல்ல சரக்கு அதன் மூக்குக்கு எட்டியிருந்தது. கொல்லைக் கோடியில், தகரக் கதவு போட்ட குளியலறைக்குள், சந்தனமாரி தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வெந்நீருக்குக் காத்திருந்தாள். 'மாரி, திறக்காதே' என்று கத்த வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கரடி தகரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டியது. "வெந்நி ஆறுறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்களே, அதிசயந்தான்" என்றபடி அவள் தாழ்ப்பாளை இழுத்தாள்.