காது ஆடுது

சிரித்தார்களா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

மண்டபம் முழுக்க மாஸ்க். நீலம், கறுப்பு, சேலைக்குப் பொருத்தமாய்த் தைத்த பூப்போட்டது. மேலே கண்கள் மட்டும். சோதனைக்கு வந்த அதிகாரிகளைப் போல அவை அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

பட்டிமன்றம் பேசுகிறவனுக்குப் பல் முக்கியம். தன் பல் அல்ல. எதிரே இருப்பவர்களின் பல்.

மைக் முன்னால் நிற்கிறவர் மட்டும் மாஸ்க்கைக் கழற்றலாம் என்று அனுமதி. கூட்டத்திலேயே மூக்கும் வாயும் உள்ள ஒரே ஆள் அவர்தான். துணி அவிழ்ந்து நிற்பதுபோல் கூச்சமாயிருந்தது.

தலைப்பு, ‘ஊரடங்கில் ஆண்கள் கற்றது சமையலா, பொறுமையா?’ அவர் பொறுமை அணி.

தான் வைத்த ரசத்தைப் பற்றி ஒன்று சொன்னார். அமைதி.

தன் வழுக்கையைப் பற்றி ஒன்று. அமைதி.

யாரோ இருமினார்கள். சுற்றியிருந்தவர்கள் நாற்காலியோடு நகர்ந்துகொண்டார்கள். அவ்வளவுதான் அசைவு.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“மரகதம் அக்காவ எறக்குங்கண்ணே! அவுகளுக்காகத்தான வந்துருக்கோம்!”

நடுவருக்கு விஷயம் தெரியும். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

மரகதம், மைக் முன்னால் நின்றவரின் மனைவி. மேடைக் கதைகளில் பூரிக்கட்டையோடு அவரைத் துரத்துகிறவள். நிஜ மரகதம் பூரிக்கட்டையைப் பூரிக்கு மட்டும்தான் எடுத்தாள். எந்த ஜோக்கையும் முதலில் கேட்பவள் அவள், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. சிரித்தால் மேடைக்குப் போகும். சிரிக்காவிட்டால் காம்போடு குப்பைக்குப் போகும்.

கூட்டத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்து முதல் சிரிப்பை அவள்தான் போடுவாள். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

இரண்டாவது அலையில் போய்விட்டாள்.

இன்று முன்வரிசையில் மகள் கோதை. பெங்களூரில் வேலை. அவளுக்கு இ-பாஸ் கிடைத்தபோது இங்கே எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அப்பா பேசப்போகும் முதல் கூட்டம் என்பதால், தனியாக அனுப்ப வேண்டாமென்று காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அம்மாவ மட்டும் இன்னைக்கு விட்டுருங்கப்பா.”

“விட்டுட்டேன்மா” என்றார்.

விட்டுவிட்டு வந்து பார்த்தால் கையில் சரக்கே இல்லை. ஊர் அவரை நகைச்சுவைப் பேச்சாளர் என்றது. நகைச்சுவை அவள். அவர் வெறும் பேச்சாளர்.

“மரகதம் அக்கா!” மறுபடி அதே குரல்.

கோதை இருந்த பக்கம் பார்க்காமல் மைக்கைப் பிடித்தார்.

“மாஸ்க் வந்தப்புறந்தாங்க எனக்குச் சுதந்திரமே வந்துச்சு. அதுவரைக்கும் பொண்டாட்டிய மனசுக்குள்ளதான் திட்டுவேன். மொத மொதல்ல வாயால திட்டுனேன். மாஸ்க்குக்குள்ளதான்! ரேஷன் கடை க்யூ. உச்சி வெயிலு. பக்கத்துல மரகதம். நாம்பாட்டுக்கு உள்ளுக்குள்ள அர்ச்சனை பண்ணிக்கிட்டு நிக்கிறேன். சடார்னு திரும்புனா. ‘என்னையவா திட்டுறீக?’ன்னா. ஆத்தாடி, எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேட்டேன். சொல்றா... ‘காது ஆடுது!’”

ஒரு நொடி ஒன்றுமில்லை.

பிறகு ஒவ்வொரு கையாக மாஸ்க் கயிற்றுக்குப் போனது. உள்ளுக்குள் வாயை அசைத்துப் பார்த்துக்கொண்டார்கள். காதுகள் ஆடின. பக்கத்தில் இருப்பவரின் காதைப் பார்த்தார்கள். அதுவும் ஆடியது.

மண்டபம் வெடித்தது.

அவருக்கு மட்டும் வேறொரு மதியம் தெரிந்தது.

ரேஷன் கடை அல்ல. ஆஸ்பத்திரி வாசல். படுக்கை காலியாகட்டும் என்று ஆம்புலன்ஸ்கள் வரிசையாய் நின்றன. ஒன்றில் அவள் படுத்திருந்தாள். அவர் திட்டவில்லை. தெரிந்த சாமி, தெரியாத சாமி, பக்கத்துத் தெரு மாதா, எல்லோரையும் மாஸ்க்குக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணைத் திறந்தாள். வெகுநேரம் அவரையே பார்த்தாள்.

“காது ஆடுது” என்றாள்.

சிரிக்கத்தான் பார்த்தாள். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அவரை விடவில்லை.

நடுவர் மணி அடித்தார். கைதட்டல் நிற்கவில்லை. மைக்கை விட்டுவிட்டு அவர் முன்வரிசையைப் பார்த்தார்.

கோதையின் நாற்காலி காலியாயிருந்தது.

பொன்னாடை போர்த்தக் காத்திருந்தவர்களைத் தாண்டி வெளியே ஓடினார். அந்தக் கனத்த உடம்பால் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு.

கார் பக்கத்தில் நின்றிருந்தாள். மாஸ்க் நனைந்து முகத்தோடு ஒட்டியிருந்தது.

“வாயில வந்துருச்சும்மா. இனிமே...”

“எனக்குத் தெரியாதேப்பா.”

“என்னது?”

“இது. அம்மா இப்படிச் சொன்னது. எனக்குத் தெரிஞ்ச அம்மா கதையெல்லாம் பழசு. கடைசி ஒரு வருஷத்துல எங்கிட்ட ஒண்ணுமே இல்லப்பா.” மூக்கை உறிஞ்சினாள். “நெசமாவே சொன்னாங்களா?”

“சத்தியமாச் சொன்னா.”

“ரேஷன் கடையிலயா?”

உள்ளே அடுத்த பேச்சாளருக்குக் கைதட்டினார்கள். அவர் அது ஓயட்டும் என்பதுபோல் நின்றார்.

“ஆமாம்மா. நல்லா இருந்தா அன்னைக்கு. துவரம்பருப்புல கல்லு கெடக்குன்னு கடைக்காரனோட ஒரே ரகளை.”

கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள். இந்தப் பக்கக் கதவையும் திறந்துவிட்டாள்.

“அப்புறம்?”

“அப்புறம், பின்னாடி நின்ன ஒரு பொம்பளைய...”

வீடு வந்து சேரும்வரை, அந்த க்யூவை அவர் நகரவே விடவில்லை.