கொப்பரையில் கிறிசாந்தோ

“என் புருஷனை நரகத்துலேருந்து வெளியே எடுங்கண்ணே. இப்பவே!”

பட்டறை வாசலில் நின்று அழுத உர்சுலாவைப் பார்த்ததும் ஓவியர் பாசிலியோ தூரிகையைக் கீழே வைத்தார். ஸ்பெயின்காரர்கள் ஆளும் கூஸ்கோ நகரத்துப் பாதிரியார் கேட்டிருந்தது மோட்சமும் நரகமும் சேர்ந்த இறுதித் தீர்ப்புப் படம். “நரகத்துல நம்ம தெரு மூஞ்சிகளா போடு, அப்பதான் ஜனங்களுக்குப் பயம் வரும்” என்று வேறு சொல்லியிருந்தார்.

பாசிலியோவும் சோளக் கள்ளுக்கடையில் கண்ணில் பட்டவர்களை, யார் யாரோடு உட்கார்ந்திருந்தார்களோ அப்படியே எண்ணெய்க் கொப்பரைகளில் இறக்கிவிட்டார். தரகன் தமாசோ தனியாக ஒன்றில். பானை விற்கும் மார்செலாவும் உர்சுலாவின் புருஷன், கோவேறு கழுதைக்காரன் கிறிசாந்தோவும் இன்னொன்றில்.

ஒரே ஒரு குறை. கழுத்தளவு கொதிக்கிற எண்ணெயில் நின்றும் கிறிசாந்தோவின் முகத்தில் சிரிப்பு. அத்தனை அழகாக விழுந்துவிட்ட சிரிப்பை அழிக்க ஓவியருக்கு மனம் வரவில்லை.

“நாளைக்குத் திருவிழா. கோயில்ல மாட்டிடுவீங்க, ஊரே பார்க்கும். நான் எப்படிண்ணே தலை நிமிர்ந்து நடப்பேன்?”

“ஒரு தாடி வச்சிடறேன் தங்கச்சி. ஆள் அடையாளம் தெரியாது.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நம் பூர்வகுடி ஆட்களுக்குத் தாடி எங்கே முளைக்கிறது? தாடி வைத்தால் கிறிசாந்தோ ஸ்பெயின்காரன் ஆகிவிடுவான். ஸ்பெயின்காரனை நரகத்தில் போட்டால் அடுத்த கொப்பரை பாசிலியோவுக்குத்தான்.

“தாடியும் வேணாம், மீசையும் வேணாம். அங்கேருந்து எடுங்க!”

அழுகை ஒப்பாரியாக ஏறியது. கட்டினவன் மேல் இத்தனை உயிரா என்று பாசிலியோவுக்கே கண் கலங்கிவிட்டது. பாதிரியார் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்று தூரிகையை எடுத்தார்.

“அழாதேம்மா. மோட்சத்துல, நம்ம ஊர் வழக்கப்படி துப்பாக்கி புடிச்ச தேவதூதர் பக்கத்துல கொஞ்சம் இடம் கிடக்கு. உன் புருஷனை அங்க ஏத்திடறேன். தலையைச் சுத்தித் தங்க ரேக்கும் ஒட்டிடறேன், போதுமா?”

உர்சுலாவின் அழுகை சட்டென்று நின்றது. சால்வை முனையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

“மோட்சமா? அவனுக்கா? நரகத்துலயே வேகட்டும்ணே… அந்த மார்செலா இல்லாத கொப்பரையில!”