மூன்று தண்ணீர்

கெண்ட் நகரத்து ஹில்டே, வீட்டில் காய்ச்சிய பீரை மூன்று கோப்பைகளில் ஊற்றிக் கணவன் ஜோரிஸின் முன்னால் வைத்தாள். பார்லியும் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவும் மூன்றிலும் ஒன்றுதான். தண்ணீர் மட்டும் குழாய், மழை, ஊற்று என்று வேறு வேறு.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த லீவனும் தன் பங்குக்கு ருசி பார்த்தான். “மழைத்தண்ணில காய்ச்சினதுதாங்க நல்லா இருக்கு. இதுல என்ன யோசனை?”

“நீங்க சும்மா இருங்க லீவன். அவன் சொல்லட்டும்.”

வாராவாரம் இதே கூத்து. வாராவாரம் ஜோரிஸ், “எல்லாம் ஒண்ணுதான்” என்று உதட்டைப் பிதுக்குவான். இவனிடம் கேட்பதற்குச் சுவரிடம் கேட்கலாம் என்று லீவன் நினைத்துக்கொண்டான்.

இன்று மூன்றாவது கோப்பையைக் குடித்த ஜோரிஸ் நிமிர்ந்தான். “இதுல சுண்ணாம்பு... நம்ம குழாய்த்தண்ணி.”

அவனைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு ஹில்டே கோப்பைகளை இடம் மாற்றினாள். “இப்ப?”

“நடுவுல இருக்கு.”

மறுபடி மாற்றினாள். மறுபடியும் சரி! ஹில்டே கூவிக்கொண்டே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“அப்பாடா, ஒருவழியா தண்ணி முடிவாச்சு” என்றான் லீவன்.

“தண்ணிய எப்பவோ முடிவு பண்ணிட்டேன். இத்தனை நாளா சோதிச்சது இவன் நாக்கை!” அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள் ஹில்டே. “போன வருஷம் வந்த காய்ச்சல்ல ருசி, வாசனை எல்லாம் போச்சு. உப்புகூடத் தெரியல. ஓட்டல் சமையல்காரன் இதை வெளிய சொல்ல முடியுமா? வேற சாக்கு சொல்லி லீவு போட்டிருக்கான்.”

அதற்குள் ஜோரிஸ் ஓட்டலுக்குப் போன் போட்டிருந்தான்.

“நாளைக்கு வர்றேன். என் அடுப்பை விட்டு எல்லாரும் தள்ளி நில்லுங்க!”