சீல் உடையாத பெட்டி

ஆல்வின் பெட்டிக்குள் ஏறி இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஆளுயரப் பொம்மைப் பெட்டி. முன்பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். பின்பக்கம் நட்சத்திரங்கள் அச்சடித்த அட்டை. கடையில் வாங்கும் பொம்மையை அட்டையோடு சேர்த்துக் கம்பி முறுக்கியிருப்பார்களே, அதேபோல இடுப்பிலும் மார்பிலும் தொடையிலும் பட்டை போட்டு அவனைப் பின்பலகையோடு இறுக்கியிருந்தார்கள்.

அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் பெட்டியைத் திறந்துவிடுவார்கள். திறந்தால் தோற்றான். அவ்வளவுதான் போட்டி.

அவிநாசி ரோட்டு அரங்கில் நடக்கும் இந்தப் பொம்மைத் திருவிழாவில் வருஷா வருஷம் இதற்குத்தான் கூட்டம் அம்மும். பதினோரு பேர் ஏறினார்கள். இப்போது இரண்டே பெட்டிகள் மூடியிருந்தன.

தங்கை இளவேனில் அண்ணனின் பெட்டிக்கு நேர் எதிரே நின்றாள்.

ஆல்வின் போட்டிருந்தது, கணபதி ஊரில் பட்டறை வேலை போக மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்து, ஐந்து மாதத்தில் அவனே வெட்டி ஒட்டிய கவசம். தலை முதல் கால்வரை மூடிய இயந்திரக் காவலன். கண் இருக்குமிடத்தில் இரண்டு நீல விளக்கு. முகம் தெரியாது.

மாட்டவே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மாட்டிவிட்டால் ஒன்றுக்குப் போக முடியாது. காலையில் அவன் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடவில்லை. போன வருஷம் ஐம்பது நிமிடத்தில் முடிந்த போட்டிதானே என்று கிளம்பிவிட்டான்.

பக்கத்தில் அன்புச்செல்வி. ஆல்வினுக்கு நிச்சயமான பொள்ளாச்சிப் பெண். இளவேனில் இப்போதே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அன்புச்செல்வி உணவுக் கடைகளில் ஒன்று விடாமல் சுற்றி, உடுமலைக்காரர் ஒருவர் போடும் இளநீர் புட்டிங்கைக் கண்டுபிடித்து, இரண்டாவது கிண்ணத்தைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் கல்யாணத்தன்னிக்குக் கோயில்லயும் இப்பிடியே நின்னாருன்னா ஃபாதர் பயந்துபோவாருங்க."

இளவேனிலும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

கவசத்தின் மணிக்கட்டு இடுக்கிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அரங்கில் ஏசி. பெண்கள் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள்.

கால் மணி நேரத்துக்கு முன் அவன் விரல்கள் நடுங்கின. நடுக்கத்தை அசைவில் சேர்ப்பதில்லை. "மெஷினுக்கு உசுரு வருது பாருங்க!" என்று மைக்கில் கத்தினார் போட்டி நடத்தும் கிருபாசங்கர்.

இப்போது அந்த நடுக்கமும் இல்லை.

கூட்டம் அதற்குத்தான் கைதட்டியது. உள்ளே ஆளே இல்லாத மாதிரி நிற்கிறான் என்றார்கள்.

இளவேனில் மேடைப் பக்கம் ஓரடி வைத்து நின்றாள்.

நாளை மூன்றாவது ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு. இரண்டு ஞாயிறு கோயிலில் வாசித்தாகிவிட்டது. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் நிறுத்திய இரண்டு முறையும், அம்மா இளவேனிலின் தொடையில் கை வைத்து அழுத்தினாள்.

"இதெல்லாம் தடையில சேராது அம்மணி. தாலி ஏறட்டும், நானே சொல்லிக்கறேன்."

இதற்குமுன் வந்த இரண்டு சம்பந்தம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் திரும்பிப் போயின. அதற்கப்புறம் அண்ணன் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. அன்புச்செல்வி வந்த பிறகுதான் பட்டறைக்குப் போகும்போது பாட்டு முணுமுணுக்கிறான்.

இளவேனில் மேடையோரம் போனாள்.

"சார், அந்தப் பெட்டியத் தொறங்க. எங்கண்ணன் மயங்கிட்டான்."

கிருபாசங்கர் மைக்கை இறக்கினார். பணிவான மனிதர். வீட்டில் அலமாரி அலமாரியாகப் பிரிக்காத பெட்டிகள் சேர்த்து வைத்திருப்பவர்.

"ஏனுங்க அம்மணி, இதையேதானுங்க முன்னால ஒரு புள்ளையும் சொல்லுச்சு. தொறந்தா அந்தத் தம்பி நல்லா நிக்கறான். வெளிய வந்து ஒரே அழுகை. அந்தப் புள்ள யாருன்னே அவனுக்குத் தெரியாதாமுங்க, எதிராளி அனுப்பிச்ச ஆளு." குரலைத் தணித்தார். "சீல் ஒடைச்சா பொம்மை செத்துப்போச்சுங்க. ஜெயிக்கப்போற ஆளைக் கெடுத்துப்போடாதீங்க. அவரையே கையத் தூக்கச் சொல்லுங்க, ஒடனே தொறக்கறேன்."

அவள் ஓடிப்போய் பிளாஸ்டிக்கைத் தட்டினாள். அண்ணா என்றாள்.

நீலக் கண்கள் எரிந்தன. அவை பேட்டரியில் எரிபவை.

கிட்டத்தில்தான் தெரிந்தது. தலைக்கவசம் முன்னால் சரிந்து மார்புப் பட்டையில் தங்கியிருந்தது. முழங்கால்கள் தொய்ந்திருந்தன. அவன் நிற்கவில்லை. பட்டைகள் அவனை நிறுத்தி வைத்திருந்தன.

பின்னால் யாரோ "போஸு செம!" என்று படம் எடுத்தார்கள்.

அன்புச்செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "என்னாச்சுங்க? ஏன் அழுகறீங்க?"

கிருபாசங்கரும் வந்துவிட்டார். இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பில்லை. பெட்டியின் சாவி கையில் இருந்தது. திருப்பவில்லை. மைக்கை நீட்டினார்.

"காரணத்தச் சொல்லிப்போடுங்க. நாலு பேருக்குக் கேக்கட்டும், தொறந்தர்றேன்."

கல்லூரியில் மூன்று வருஷமும் வகுப்பில் எழுந்து ஒரு பதில் சொல்லாதவள் அவள். மைக் கனமாக இருந்தது. கூட்டம் ஓவென்றது. தொடையில் அம்மாவின் விரல்கள் இன்னும் அழுத்துவது போலிருந்தது.

அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அன்புச்செல்வியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"அண்ணனுக்குச் சக்கரை வியாதிங்க அண்ணி. பன்னெண்டு வயசுலருந்து. காலைல இன்சுலின் போட்டுட்டு, ஒண்ணுஞ் சாப்பிடாமத்தான் இதுக்குள்ள ஏறுனான்."