கல்லூரிக்காக வளர்த்த முடி

சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, முடி எடுப்பவருக்கு முன்னால் நைனா சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"வேணாம் நைனா. கெடைக்காததுக்கு யாருன்னா முடி குடுப்பாங்களா?"

தண்ணீர் தெளிக்கத் தலையைக் குனிந்து காட்டினார்.

விசா இல்லை என்று நேற்றுதான் செய்தி வந்தது. அழுத முகத்தோடு தூங்கிய என்னை விடியலில் எழுப்பி, கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணி மலைக்கு பஸ்ஸில் கூட்டிவந்துவிட்டார்.

அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர். அதில் ஒரு பழைய பல்கலைக்கழகம். வாசலிலேயே இடிந்த கோட்டை. கொஞ்சம் தள்ளி ஒரு கால்வாய். மொழிபெயர்ப்புக் கதைகளில் நான் நனைந்த மழையெல்லாம் அங்கேதான் பெய்துகொண்டிருக்கும் என்று நம்பினேன்.

இடம் கிடைத்ததிலிருந்து, பம்புசெட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும் நைனா அதைப் பற்றித்தான் கேட்பார்.

"அந்த காலேஜு கதைய சொல்லும்மா."

சொல்வேன். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாதிரியார்களை உருவாக்க ஆரம்பித்த இடம். கறுப்பு அங்கி போட்ட ஆண்கள் மட்டும். பெண்களுக்குக் கதவு திறக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இப்போது சுவரில் பழைய பாதிரியார்கள் படமாக இருக்க, கீழே பெண்கள் வகுப்புக்கு ஓடுகிறார்கள்.

"அப்போ நம்ம திருத்தணி மாதிரிதான். சாமிய வச்சி வளந்த ஊரு" என்று சிரிப்பார்.

ஒருநாள், அங்கே படித்தவர்கள் கப்பலேறி சீனா வரை போனதைச் சொன்னேன்.

"போனவங்கள்லாம் திரும்பி வந்தாங்களா?"

"நெறைய பேரு வரல நைனா. அங்கியே இருந்துட்டாங்க."

பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்த வாரம் மலையைப் பார்த்துக் கும்பிட்டு முடி நேர்ந்துகொண்டார். சவரம் நின்றது. டீக்கடையில் கேலி செய்தார்கள்.

"இன்னா துளசிங்கம், சாமியாரா போயிட்டியா?"

"பொண்ணு விசயமா ஒரு வேண்டுதல்பா."

என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

இப்போது தண்ணீர் சொட்டும் அந்தத் தலையைப் பார்த்தபடி நின்றேன். சாமி கைவிட்ட பிறகும் இவர் சொன்ன வாக்கை விடவில்லையே என்று நினைத்தேன்.

புது பிளேடைக் கத்தியில் மாட்டிக்கொண்டே முடி எடுப்பவர் கேட்டார்.

"வேண்டிக்கினது நடந்துச்சாங்க?"

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"ஆங்" என்றார் நைனா. "நேத்துதான் நடந்துச்சி."