வால் விடும் வயசு

ஏழாவது மாடி ஃப்ளாட்டில், டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு அம்மாப் பல்லி மகனோடு குடியிருந்தது. ஒருநாள் சமையலறைப் பல்லி வந்து, “எங்க சின்னவ ஒரு மாசத்துலயே வாலை விட்டுட்டா. உங்க பையன் இன்னும் விடலையா?” என்று இழுத்தது.

அம்மாவுக்கு அன்றைக்குப் பூச்சி இறங்கவில்லை. மறுநாளே பயிற்சி தொடங்கிவிட்டது. மகன் அசந்திருக்கும்போது பின்னாலிருந்து பாயும். அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். “சிரிக்காதே, பயப்படு” என்று அதட்டியது அம்மா.

பத்தாம் நாள் அவன் நிஜமாகவே பயந்தான். வால் கழன்று விழுந்தது. அம்மா அறை அறையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தது.

புது வால் முளைத்த அன்று, “என் தங்கமே” என்று அம்மா ஆசையாக அவன் முதுகைத் தடவப் போனது. மகனைக் காணோம். வால் மட்டும் அதன் காலடியில் துடித்துக்கொண்டிருந்தது.

“பரவாயில்லையே, எங்க சின்னவகூட இவ்வளவு வேகமா விட்டதில்லை” என்றது சமையலறைப் பல்லி.